சக்கரம் சொல்லும் சேதி

சென்ற பொங்கல் விழாவின்போது, சங்க அரங்கின் வாசலில் காரை நிறுத்திய நண்பர் ஒருவர் என் கையைப் பிடித்து இழுத்துக் கொண்டு போனார். “சார், நீங்கள் ரயில்வே இன்ஜினீயர்தானே? முன் சக்கரத்துப் பக்கம் என்னமோ சத்தம் வருகிறது. கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்களேன்” என்றார்.

ரயில்காரனுக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் என்று சிலர் நினைக்கலாம். தண்டவாளத்தில் ஓடினாலும் தார்ச் சாலையில் ஓடினாலும் சக்கரம் சக்கரம்தான். அதற்கு நடுவே ஓர் அச்சு, அச்சைத் தாங்க பேரிங், நிறுத்த பிரேக், குலுக்கலை வாங்கிக் கொள்ள ஸ்பிரிங். இந்த நான்கில் எது நோய்ப்பட்டாலும் முதலில் சத்தம் போடும். ஆனால் நண்பரின் வண்டிச் சத்தத்தைக் கேட்டுச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா என்பது வேறு கேள்வி. அதைப் பின்னால் சொல்கிறேன்.

தட்டிப் பார்க்கும் கலை

நான் 1979ல் டிப்ளமா முடித்த கையோடு பம்பாய்க்கு வந்து ரயில்வேயில் சேர்ந்தேன். மாட்டுங்கா பணிமனையிலும் பிறகு பெட்டிகள் பராமரிக்கும் டிப்போக்களிலுமாக 38 ஆண்டுகள் சக்கரங்களோடுதான் குடித்தனம். அந்த நாட்களில் நீண்ட கைப்பிடி போட்ட சுத்தியலோடு சக்கரம் தட்டுகிறவர்கள் இருந்தார்கள். சக்கரத்தின் மேல் எஃகு வளையம் சூடேற்றிப் பொருத்தப்பட்ட காலம் அது. வளையம் இறுக்கமாக இருந்தால் தட்டியதும் கோயில் மணி மாதிரி கணீரென்று ஒலிக்கும். தளர்ந்தோ விரிசல் விட்டோ இருந்தால் ‘டப்’ என்று செத்த சத்தம் வரும். நம் ஊர்ச் சந்தையில் பாட்டி மண்பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குவாளே, அதே சாஸ்திரம்தான். பிறகு ஒரே வார்ப்பாக வந்த முழுச் சக்கரங்கள் அந்தச் சுத்தியலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டன.

ரயில் நிலையத்துக்குள் வண்டி மெதுவாக நுழையும்போது, பாதையின் இரு பக்கமும் ஊழியர்கள் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் பார்ப்பது மட்டுமல்ல, கேட்கவும் செய்கிறார்கள். ஏதாவது தொங்குகிறதா, எந்தப் பெட்டியின் பேரிங் முனகுகிறது, எந்தச் சக்கரம் ‘டக் டக்’ என்று தாளம் போடுகிறது என்று கவனிப்பதுதான் அவர்கள் வேலை. பிரேக் பிடித்தபடி சக்கரம் சுழலாமல் வழுக்கினால், அதன் வட்டத்தில் ஓரிடம் தேய்ந்து தட்டையாகி விடும். பயணிகள் பெட்டியில் அந்தத் தட்டை 50 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பது விதி. அளவுகோல் வைக்கும் முன்பே அந்தத் தாளத்தைக் கேட்டு இது எல்லை தாண்டியது என்று சொல்லக்கூடிய மிஸ்திரிகள் எங்களிடம் இருந்தார்கள்.

ரயில் சத்தத்தில் ஒரு கணக்கும் உண்டு. தண்டவாளம் 13 மீட்டர் துண்டுகளாக இருந்த காலத்தில், ஒவ்வொரு இணைப்பிலும் ‘தடக்’ கேட்கும். 47 வினாடிகளில் எத்தனை ‘தடக்’ என்று எண்ணினால், அதுவே ஏறக்குறைய மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற வேகம். இன்று முக்கியப் பாதைகளில் தண்டவாளங்களை நீளமாகப் பற்றவைத்து விட்டதால் அந்தச் சங்கீதம் அநேகமாகப் போய்விட்டது. ஆனால் சத்தத்தை எண்ணினால் பதில் கிடைக்கும் என்ற பாடம் காருக்கும் பொருந்தும்.

வைத்தியர் கேட்கும் கேள்விகள்

வயிற்று வலி என்று போனால் டாக்டர் உடனே கத்தியை எடுப்பதில்லை. எப்போது வலிக்கிறது, சாப்பிட்ட பின்பா முன்பா என்று கேட்கிறார். கார்ச் சத்தத்துக்கும் அப்படிச் சில கேள்விகள் உண்டு. மெக்கானிக்கிடம் போகும் முன் இவற்றுக்குப் பதில் எழுதி வைத்துக் கொண்டால் பாதி வேலை முடிந்தது. வீண் செலவும் மிச்சம்.

முதல் கேள்வி: வண்டி நிற்கும்போது இன்ஜினை உறுமவிட்டால் சத்தம் கேட்கிறதா? கேட்டால் அது சக்கரத்தின் குற்றமல்ல. வண்டி நகர்ந்தால் மட்டும் கேட்கிறதென்றால் சக்கரத்துப் பக்கம் திரும்புங்கள்.

இரண்டாவது: வேகத்தோடு சத்தம் கூடுகிறதா? சிறிய கார்களில் பரவலாக உள்ள 165/80 ஆர்14 அளவு டயரின் சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் அது பத்து வினாடியில் ஏறக்குறைய 28 முறை சுழலும். உங்கள் ‘டிக் டிக்’ பத்து வினாடியில் 28 என்றால், சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் ஏதோ ஒன்று, சுற்றுக்கு ஒருமுறை இடிக்கிறது என்று பொருள்.

மூன்றாவது: பிரேக் மிதித்தால் சத்தம் மாறுகிறதா? நான்காவது: ஸ்டியரிங்கைத் திருப்பினால் மாறுகிறதா? ஐந்தாவது: மேடு பள்ளத்தில் மட்டும் வருகிறதா? ஆறாவது: சாலை மாறினால் மாறுகிறதா?

கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. பாட்டையும் ஏ.சி.யையும் நிறுத்துங்கள். கண்ணாடியை இறக்கி, நடமாட்டமில்லாத இடத்தில் ஒரு நீண்ட மதில் சுவரை ஒட்டி மெதுவாக ஓட்டுங்கள். சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி வந்து தெளிவாகக் கேட்கும். முதலில் சுவர் இடப்பக்கம், பிறகு திரும்பி வரும்போது வலப்பக்கம். எந்தப் பக்கம் என்பது அநேகமாகத் தெரிந்துவிடும்.

சத்தங்களின் ஜாதகம்

‘டிக் டிக்’: பெரும்பாலும் டயர்ப் பள்ளத்தில் சிக்கிய கல். ஆணியாகவும் இருக்கலாம். சக்கர மூடி தளர்ந்தாலும் இதே சத்தம்தான். கல்லானால் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்து விடலாம். ஆணியானால் அங்கேயே பிடுங்காதீர்கள், காற்று இறங்கிவிடும். பஞ்சர் கடை வரை அது இருக்கட்டும்.

‘சர்ர்’ என்ற உரசல்: மழைக்காலத்தில் இரவு முழுதும் நின்ற வண்டியைக் காலையில் எடுத்தால், பிரேக் டிஸ்க்கில் படிந்த மெல்லிய துரு உரசும். நான்கைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும், பயம் வேண்டாம். திடீரென்று கிறீச்சென்று தகரத்தைக் கீறுவது போல வந்தால், டிஸ்க்குக்கும் அதன் பின்னாலுள்ள தகட்டுக்கும் நடுவே சிறு கல் மாட்டியிருக்கலாம். சில சமயம் வண்டியைச் சற்றுப் பின்னால் எடுத்தாலே கல் விழுந்துவிடும். சக்கரத்தின் மேலுள்ள பிளாஸ்டிக் உறை கழன்று டயரில் உரசுவதும் மும்பைச் சாலைகளில் சகஜம்.

‘கடக் கடக்’: ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்துத் திருப்பும்போது மட்டும் கேட்டால், முன் சக்கரத்துக்குச் சக்தி கொண்டு போகும் அச்சின் மூட்டு தேய்ந்திருக்கிறது. அந்த மூட்டின் மேல் மடிப்பு மடிப்பாக ஒரு ரப்பர் உறை இருக்கும். அது கிழிந்தால் உள்ளிருக்கும் கிரீஸ் வெளியே தெறித்து, மண்ணும் தண்ணீரும் உள்ளே போகும். சக்கரத்தின் உட்பக்கம் கறுப்பாகக் கிரீஸ் தெறித்திருந்தால் உடனே கவனியுங்கள். உறையை மாற்றுவதோடு போகவேண்டிய செலவு, தாமதித்தால் அச்சையே மாற்றும்வரை போகும்.

‘ம்ம்ம்’ என்ற முனகல்: வேகம் கூடக் கூட உயரும். இது பேரிங்காக இருக்கலாம், டயராகவும் இருக்கலாம். வித்தியாசம் காண இரண்டு வழி. சிமென்ட் சாலையிலிருந்து தார்ச் சாலைக்கு மாறும்போது முனகல் மாறினால் டயர். சாலையில் நீண்ட வளைவு வரும்போது கூடிக் குறைந்தால் பேரிங். வலப்பக்கம் வளையும்போது வண்டியின் பாரம் இடப்பக்கச் சக்கரங்களின் மேல் சாய்கிறது. அப்போது முனகல் கூடினால் இடப்பக்க பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். இப்போதைய கார்களில் பேரிங் பெரும்பாலும் மூடி முத்திரையிட்ட ஒரே பொருள். கிரீஸ் அடித்துச் சரிசெய்ய வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

‘தொம் தொம்’: வேகத்தடையில் இறங்கும்போது வந்தால் சஸ்பென்ஷன் பக்கம். ரப்பர் புஷ், பால் ஜாயின்ட், ஸ்டெபிலைசர் லிங்க் இவற்றில் ஏதோ ஒன்று ஆடுகிறது. சமதளத்தில் மெதுவாகப் போகும்போதே சக்கரத்துக்கு ஒருமுறை ‘தொம்’ என்று வந்து, வண்டியும் ஆடினால், தயவு செய்து மேலே ஓட்டாதீர்கள். ஓரமாக நிறுத்திச் சக்கர நட்டுகளைப் பாருங்கள். பஞ்சர் ஒட்டிய பிறகோ டயர்களை இடம் மாற்றிய பிறகோ நட்டுகள் தளர்வது உண்டு. எதிரெதிர் நட்டாக இறுக்கி, வண்டியைத் தரையில் இறக்கிய பிறகு கையேட்டில் சொன்ன அளவுக்கு மீண்டும் இறுக்க வேண்டும். சுமார் 100 கிலோமீட்டர் ஓடியபின் இன்னொரு தரம் பார்த்துவிடுவது நல்லது.

‘கீச்ச்’: பிரேக் பேடு தேய்ந்து முடியும் தறுவாயில் எச்சரிக்க, சில வண்டிகளில் பேடோடு ஒரு சின்ன எஃகு நாக்கு வைத்திருப்பார்கள். அது டிஸ்க்கைத் தொட்டதும் கீச்சிடும். அந்தக் கூச்சலை மதிக்காமல் விட்டால் அடுத்து வருவது ‘கர்ர்ர்’ என்று இரும்போடு இரும்பு அரைபடும் சத்தம். அப்போது பேடோடு டிஸ்க்கும் போயிருக்கும். பிரேக்கும் நம்பத் தகாததாகிவிடும்.

இந்த ‘கீச்ச்’ விஷயத்தில்தான் நான் என் வீட்டிலேயே தோற்றேன்.

பேத்தி கேட்டாள், தாத்தா கேட்கவில்லை

2023 தீபாவளிக்குக் கும்பகோணம் போவதென்று முடிவாயிற்று. ரயில்காரன் கையில் பாஸ் இருந்து என்ன பயன்? தீபாவளி சமயத்தில் பெர்த் கிடைக்க வேண்டுமே! மாப்பிள்ளை, “காரிலேயே போய்விடலாம் மாமா” என்றார். சுமார் 1400 கிலோமீட்டர். மகள், மாப்பிள்ளை, ஒன்பது வயதுப் பேத்தி, என் மனைவி, நான். வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கிளம்புவதாக ஏற்பாடு.

புதன்கிழமை மாலை மாப்பிள்ளை வண்டியோடு காம்பவுண்டுக்குள் நுழைந்தார். கீழே விளையாடிக் கொண்டிருந்த பேத்தி மாடியேறி ஓடி வந்தாள். “தாத்தா, நம்ம கார் வரும்போது கீச்சுனு கத்துது. போர்டுல நகத்தால கீறுற மாதிரி இருக்கு.”

நான் விடுவேனா? கீழே இறங்கி, மாப்பிள்ளையை இரண்டு சுற்று ஓட்டச் சொல்லிக் காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. டார்ச்சை எடுத்துச் சக்கரத்தின் இடுக்கு வழியே பிரேக் பேடைப் பார்த்தேன். நல்ல கனம் இருந்தது. “ஒன்றுமில்லை, மழைத் துருவாக இருக்கும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். “மாமா சொன்னால் சரிதான்” என்று மாப்பிள்ளையும் சமாதானமானார்.

பேத்தி சமாதானமாகவில்லை. “இருக்கு தாத்தா, இப்பகூடக் கேட்டுச்சு” என்று அழாத குறையாகச் சொன்னாள். “முப்பத்தெட்டு வருஷம் சக்கரத்தோடு இருந்தவனுக்கு நீ சொல்லித் தருகிறாயா?” என்று சற்று உரக்கவே கேட்டுவிட்டேன். குழந்தையின் முகம் வாடிப் போயிற்று.

இரவு சாப்பிடும்போது மகள் மெதுவாகச் சொன்னாள்: “அப்பா, நீங்க டி.வி.யை எவ்வளவு சத்தமா வைக்கிறீங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? காலிங் பெல் அடிச்சாக்கூட நாங்க சொல்லித்தான் எழுந்து போறீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. கோபம்தான் முதலில் வந்தது. படுத்த பிறகு தூக்கம் வரவில்லை. என் இளமையில் பணிமனையில் காதுக்குப் பஞ்சு வைப்பவனைக் கேலி செய்வோம். நியூமேட்டிக் சுத்தியல், ரிவெட், லேத் எல்லாம் ஒரே கூரையின் கீழ். காதடைப்பான் கொடுத்தபோதுகூட அதைப் பையில் போட்டுக் கொண்டவன் நான். அந்தக் கடன் இப்போது வட்டியோடு வந்து நிற்கிறதோ என்று தோன்றியது.

மறுநாள் காலையில் முதல் வேலையாக வண்டியை எங்கள் பகுதி மெக்கானிக்கிடம் கொண்டு போனோம். பேத்தியையும் அழைத்துக் கொண்டேன். மெக்கானிக் வண்டியைத் தள்ளச் சொல்லிக் கேட்டுவிட்டு, முன் இடச் சக்கரத்தைக் கழற்றினார். “காகா, நீங்க வெளிப்பக்க பேடைப் பார்த்திருக்கீங்க. இப்போ உள்பக்கத்தைப் பாருங்க” என்று இந்தியில் சொல்லிக் கையில் எடுத்துக் கொடுத்தார்.

புது பேடில் தேயும் பொருள் சுமார் 10 மில்லிமீட்டர் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். என் கையில் இருந்ததில் ஒரு முனையில் 1 மில்லிமீட்டர்கூட இல்லை. எச்சரிக்கை நாக்கு பளபளவென்று தேய்ந்திருந்தது. பிரேக்கின் இரு பேடுகளும் சமமாகத் தேய வேண்டுமானால், அவற்றைப் பிடித்திருக்கும் காலிப்பர் இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகர வேண்டும். பின்களில் ஒன்று கிரீஸ் வற்றித் துருவேறி இறுகிவிட்டது. அதனால் உட்பக்கப் பேடு மட்டும் ஓயாமல் உரசித் தேய்ந்திருக்கிறது. வெளியிலிருந்து டார்ச் அடித்துப் பார்ப்பவனுக்கு நல்ல பேடுதான் கண்ணில் படும். என் காதும் ஏமாந்தது, கண்ணும் ஏமாந்தது.

புணே தாண்டியதும் காத்ரஜ் காட், அதற்கப்பால் கம்பட்கி காட். ஐந்து பேரும் மூட்டை முடிச்சுகளுமாக அந்த மலைச் சரிவுகளில் இறங்கும்போது அந்த பிரேக் என்ன செய்திருக்கும் என்று நான் அங்கே நின்று யோசித்தேன். மாப்பிள்ளையும் அதையே யோசித்திருக்க வேண்டும். இருவரும் பேசிக் கொள்ளவில்லை.

பேடுகளை இரு பக்கமும் மாற்றினார்கள் (ஒரு பக்கம் மட்டும் மாற்றக்கூடாது, பிரேக் ஒரு பக்கமாக இழுக்கும்). பின்களைச் சுத்தம் செய்து அதற்குரிய கிரீஸ் தடவினார்கள். டிஸ்க்கின் கனத்தை அளந்து பார்த்ததில் அது பிழைத்திருந்தது. வெள்ளிக்கிழமை விடியற்காலையில் சொன்னபடி கிளம்பினோம். கம்பட்கியில் இறங்கும்போது பேத்தி காதைத் தீட்டிக் கொண்டு உட்கார்ந்திருந்தாள். “ஒண்ணும் கேக்கலை தாத்தா” என்றாள். “எனக்கும் கேட்கவில்லை” என்றேன். வண்டியில் எல்லோரும் சிரித்தார்கள்.

வீட்டிலேயே செய்யக்கூடியவை

பத்துப் பதினைந்து கிலோமீட்டர் அதிகம் பிரேக் பிடிக்காமல் ஓட்டி நிறுத்தியபின், ஒவ்வொரு சக்கரத்தின் அருகேயும் புறங்கையைக் கொண்டு போங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும். முன்னிரண்டில் ஒன்றோ பின்னிரண்டில் ஒன்றோ தன் ஜோடியைவிட அதிகம் கொதித்தால், அங்கே பிரேக் விடாமல் பிடிக்கிறது அல்லது பேரிங் கெடுகிறது. ரயிலில் அச்சுப் பெட்டியின் சூட்டை நாங்கள் இப்படித்தான் கையால் பார்த்துப் பழகினோம். பிறகு தொடாமல் அளக்கும் கருவி வந்தது. (கொரோனா காலத்தில் வாங்கிய நெற்றி வெப்பமானியை எடுத்துக் கொண்டு ஓடாதீர்கள். அது காய்ச்சல் அளவுக்கு மேல் காட்டாது!)

சக்கரத்தை ஜாக்கியில் தூக்கினால், சமதளத்தில், ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்ப்பக்கச் சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்தே தூக்குங்கள். மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங்கையோ பால் ஜாயின்டையோ பார்க்க வேண்டும். முன் சக்கரத்தில் இடம் வலமாக மட்டும் ஆடினால் ஸ்டியரிங் இணைப்பு. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள்; அது யமனிடம் விலாசம் கொடுப்பது போல.

மின்சாரக் கார் வாங்கியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஜின் ஓசை இல்லாததால் சிறு சத்தமும் பெரிதாகக் கேட்கும். மோட்டாரே வேகத்தைப் பெருமளவு குறைத்து விடுவதால் பிரேக் பேடுகள் மெதுவாகத் தேயும். ஆனால் அதிகம் உபயோகப்படாததால் டிஸ்க் துருவேறவும் பின் இறுகவும் வாய்ப்புண்டு. தேயவில்லையே என்று பார்க்காமல் விடக்கூடாது.

எந்த வண்டியானாலும் மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, நெடும் பயணத்துக்கு முன் ஒருமுறை, நான்கு சக்கரங்களையும் கழற்றி உட்பக்கப் பேடையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. ஊரிலிருந்து திரும்பியதும் காது டாக்டரிடம் போனேன். இளம் காது 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை கேட்கும் என்பார்கள். என் காதில் 4,000 ஹெர்ட்ஸ் வந்ததும் வரைபடத்தின் கோடு பள்ளத்தில் விழுந்திருந்தது. பிரேக்கின் கீச்சுக் குரல் பல ஆயிரம் ஹெர்ட்ஸில் வருவது. பேரிங்கின் முனகல் எனக்கு இன்றும் நன்றாகக் கேட்கிறது. கீச்சு மட்டும் எட்டுவதில்லை. நமக்குக் கேட்காத சத்தம் இல்லாத சத்தமாகி விடாது. இப்போது இரண்டு காதிலும் கருவி வைத்திருக்கிறேன். டி.வி.யின் சத்தம் குறைந்துவிட்டதாக வீட்டில் சந்தோஷம்.

பொங்கலன்று நண்பரின் வண்டியை நான் தனியாகக் கேட்கவில்லை. பேத்தியைக் கூப்பிட்டேன். அவள் சுவரோரம் நின்று கேட்டுவிட்டு, “டிக் டிக்குன்னு வருது தாத்தா, வேகமாப் போனா வேகமா வருது” என்றாள். குனிந்து பார்த்தோம். டயர்ப் பள்ளத்தில் ஒரு கல்.

வாசக அன்பர்களே, அறுபதைத் தாண்டிய வண்டியோட்டிகள் சக்கரத்தைப் பரிசோதிக்கும்போது காதையும் ஒருமுறை பரிசோதித்துக் கொள்ளுங்கள். வீட்டில் ஒரு குழந்தை “ஏதோ சத்தம் கேட்கிறது” என்று சொன்னால், தயவு செய்து வண்டியை நிறுத்திக் கேளுங்கள்.